ஈகையும் உரிமையும்: தெலங்கானா நிலப் போராட்டக் காலத்தில் தனிமனித அறமும் அரசியல் கொள்கையும்

முன்னுரை

ஐதராபாத் நகரின் மேற்குப் பகுதியில், சேரிலிங்கம்பள்ளியை அடுத்து அமைந்துள்ளது கொண்டாப்பூர். மேதக் பகுதியில் சாதவாகனர் காலத் தொல்லியல் சான்றுகளால் புகழ்பெற்ற கொண்டாப்பூர் வேறு, இது வேறு. 1998ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர், பாறையும் புல்வெளியும் ஏரியுமாக இருந்த இவ்வட்டாரம் கணினித் தொழிலின் குடியிருப்பாக மாறியது. தமிழகத்திலிருந்து பணிநிமித்தம் வந்து குடியேறியோரும் இங்குப் பலர். சதுர அடிக் கணக்கில் நிலம் விற்கப்படும் இவ்வட்டாரத்திலிருந்து சில நாள் நடைத்தொலைவிற்குள், 1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நிலம் யாருக்குரியது என்னும் வினா இந்தியா முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அவ்வினாவிற்கு விடை தேடியோருள் சிலர் துப்பாக்கி ஏந்தினர். சிலர் கைகூப்பி நடந்தனர். இருசாராரும் தம் தனிவாழ்வில் உடைமையைத் துறந்தவர்கள் என்பதே இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமையும் செய்தியாகும்.

ஒருவர் தம் வாழ்வில் போற்றும் அறவிழுமியங்கள் அவருடைய அரசியல் கொள்கையைத் தீர்மானிக்கின்றனவா, அன்றிக் கொள்கையே அவ்விழுமியங்களுக்குப் பொருள் தருகின்றதா என்பதைத் தெலங்கானா நிலப் போராட்ட வரலாற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இராவி நாராயண ரெட்டி, புச்சலப்பள்ளி சுந்தரய்யா, வினோபா பாவே ஆகிய மூவரின் வாழ்வு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ் அறநூல் மரபில் இவ்வினா

இவ்வினா தமிழ் மரபிற்குப் புதியதன்று. திருக்குறள் அறத்துப்பாலில் 38 அதிகாரங்களையும் பொருட்பாலில் 70 அதிகாரங்களையும் கொண்டது. தனிமனிதன் ஒழுகவேண்டிய நெறியும் அரசு இயங்கவேண்டிய நெறியும் தனித்தனிப் பாலாகப் பகுக்கப்பட்டிருப்பினும், ஒன்றையொன்று விலக்கி நிற்கவில்லை. அறத்துப்பாலில் ‘ஒப்புரவறிதல்’ 22ஆம் அதிகாரமாகவும், ‘ஈகை’ 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுத்தல். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழும் கடப்பாட்டை அறிந்து செய்தல். முன்னதில் கொடுப்பவனின் உள்ளம் முதன்மை பெறுகிறது. பின்னதில் ஊரின் இயல்பு முதன்மை பெறுகிறது. பொருட்பாலில் வரும் ‘செங்கோன்மை’, ‘கொடுங்கோன்மை’ ஆகிய அதிகாரங்களோ, துன்பத்திற்கும் இன்பத்திற்கும் ஆட்சி முறையே பொறுப்பாதலைப் பேசுகின்றன. அரசியலில் தவறுவோரை அறமே ஒறுக்கும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் தன் பதிகத்திலேயே முன்வைக்கிறது.

ஈகை, ஒப்புரவு, செங்கோன்மை என்னும் இம்மூன்று கருத்தாக்கங்களும் தெலங்கானா வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும் அளவுகோல்களாக அமைகின்றன.

மேலைநாட்டுச் சிந்தனையாளருள் மாக்ஸ் வேபர் 1919ஆம் ஆண்டு ஆற்றிய உரையில், மனச்சான்றின்படி நடந்து விளைவைப் பொருட்படுத்தாத அறத்தையும், விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். அண்மைக்காலத்தில் உளவியலறிஞர் ஜோனதன் ஹைட், பரிவும் நேர்மையும் இடதுசாரிச் சிந்தனைக்கு அடித்தளம் என்றும், அவற்றோடு பற்றுறுதி, மேலோர்க்குப் பணிதல், தூய்மை ஆகியனவும் சேர்ந்து வலதுசாரிச் சிந்தனையை உருவாக்குகின்றன என்றும் கருதினார். விழுமியம் வேறுபடுவதால் கொள்கை வேறுபடுகிறது என்பது அவர் முடிபு. தெலங்கானா வரலாறு இம்முடிபை அப்படியே ஏற்க இடந்தரவில்லை என்பது பின்னர்ப் புலனாகும்.

நிஜாம் ஆட்சியில் நிலமும் வெட்டியும்

மீர் உஸ்மான் அலி கான் (1911–1948) ஆட்சியில் ஐதராபாத் அரசின் நிலங்கள் மூவகைப்பட்டிருந்தன. ஏறத்தாழ 60 விழுக்காடு அரசின் நேரடி வரிவிதிப்பிற்கு உட்பட்ட திவானி நிலம்; 30 விழுக்காடு ஜாகிர்தாரர்களுக்குரியது; 10 விழுக்காடு ‘சர்ஃப்-இ-காஸ்’ எனப்பட்ட நிஜாமின் சொந்த நிலம். தலைநகரைச் சூழ்ந்திருந்த அத்ராஃப்-இ-பல்தா மாவட்டம் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. திவானிப் பகுதிகளிலும் வரிவசூல் உரிமை வழியே தேஷ்முக்குகள் பெருநிலக்கிழார்களாயினர். விஸ்னூர் தேஷ்முக்கிடம் மட்டும் 40,000 ஏக்கர் இருந்தது எனச் சுந்தரய்யாவின் நூல் குறிப்பிடுகிறது.

இந்நிலவுடைமையோடு பிணைந்திருந்த கொடுமை ‘வெட்டி’ ஆகும். ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பே தெலங்கானாவில் இப்பெயரால் வழங்கியது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உழைப்பாகச் செலுத்தும் கடமை ‘வெட்டி’ என்றே குறிக்கப்பெறுவது இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பயனற்றது என்னும் பொருளில் இச்சொல் இன்றைய தமிழில் வழங்குவதற்கும், பயன்பெறாது உழைத்த மக்களின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத்தக்கது. தெலங்கானாவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குடும்பத்திற்கு ஒருவரை ஏவல் வேலைக்கு அனுப்பவேண்டியிருந்தது. வண்ணார் துணி வெளுக்கவும், குயவர் கலம் தரவும், கள்ளிறக்குவோர் கள் தரவும், நெசவாளர் துணி தரவும் கடமைப்பட்டிருந்தனர். கொடுப்பது இங்கே அறமாக இல்லை, கொடுமையாக இருந்தது. எனவே கொடுத்தலை அறமாகக் கொள்வோர் எவரும் முதலில் இக்கட்டாயக் கொடையை எதிர்கொள்ள வேண்டியவராயினர்.

தொண்டிலிருந்து போராட்டத்திற்கு: இராவி நாராயண ரெட்டி

இராவி நாராயண ரெட்டி (1908–1991) புவனகிரியை அடுத்த பொல்லேபள்ளியில் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் பங்கேற்கக் காக்கிநாடா சென்றார். அரிசன சேவா சங்கத்தில் பணியாற்றினார். தமக்குரிய நிலங்களை உழுவோர்க்குப் பகிர்ந்தளித்தார். இவரது தொடக்க வாழ்வு முற்றிலும் காந்திய வழிப்பட்டது. ஆயினும் 1939ஆம் ஆண்டில் பொதுவுடைமைக் கட்சியில் இணைந்தார்.

ஆந்திர மகாசபையின் வரலாறு இம்மாற்றத்தை விளக்குகிறது. 1921ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்ற ஒரு மாநாட்டில் தெலுங்கில் பேச எழுந்தவர் எள்ளி நகையாடப்பட்டதன் விளைவாக ஆந்திர ஜன சங்கம் தோன்றியது. 1930ஆம் ஆண்டு சுரவரம் பிரதாப ரெட்டி தலைமையில் ஜோகிப்பேட்டையில் மகாசபையின் முதல் மாநாடு கூடியது. மொழி, நூலகம், கல்வி ஆகியவற்றில் தொடங்கிய இவ்வியக்கம் ஊர்களுக்குள் சென்றபோது வெட்டியையும் நிலப்பறிப்பையும் கண்டது. நூலகம் திறந்தாலும் படிக்க வருவதற்கு உழுகுடிக்கு ஓய்வில்லை. பள்ளி அமைத்தாலும் பிள்ளையை அனுப்ப வெட்டி விடுவதில்லை. தொண்டின் எல்லை தெரிந்த இடத்தில் அரசியல் தொடங்கியது எனலாம். 1944ஆம் ஆண்டு புவனகிரி மாநாட்டில் இராவி நாராயண ரெட்டி தலைவரானார், மிதவாதிகள் பிரிந்தனர்.

பாலகுர்த்தியில் வண்ணார் குலத்தைச் சார்ந்த சிட்யால ஐலம்மா தம் குத்தகை நிலத்து விளைச்சலை விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்களிடமிருந்து காத்துக்கொள்ளச் சங்கத்தார் துணைநின்றனர். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் தொட்டி கொமரய்யா தேஷ்முக்கின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1947 செப்டம்பர் 11 அன்று இராவி நாராயண ரெட்டி, பத்தம் எல்லா ரெட்டி, உருதுக் கவிஞர் மக்தூம் முகியுத்தீன் ஆகியோர் ஆயுதப் போராட்டத்திற்கு அறைகூவல் விடுத்தனர். ஏறத்தாழ 3,000 ஊர்களில் 10 இலட்சம் ஏக்கர் நிலம் பகிரப்பட்டதாகவும், இயக்கத்தினர் 4,000 பேர் உயிரிழந்ததாகவும் பொதுவுடைமை இயக்கத்தின் பதிவுகள் கூறுகின்றன.

துறவும் கட்சியும்: சுந்தரய்யா

சுந்தரய்யா (1913–1985) நெல்லூர் மாவட்டம் அலகானிபாடு என்னும் ஊரில் பிறந்தவர். சுந்தரராமி ரெட்டி என்னும் பெயரிலிருந்த சாதிப்பெயரை நீக்கினார். சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1930ஆம் ஆண்டில், 17ஆம் அகவையில் படிப்பை விட்டுச் சட்டமறுப்பில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் அமீர் ஹைதர் கானின் தொடர்பால் பொதுவுடைமையரானார். தம் ஊரில் வேளாண் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். தென்னிந்தியாவில் கட்சியைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்றுத் தமிழகத்திலும் கேரளத்திலும் பணியாற்றினார்.

தம் பங்குக்குரிய சொத்தைக் கட்சிக்கு அளித்தமையும், பொதுவாழ்விற்குத் தடையாகும் எனக் கருதிப் பிள்ளைப்பேற்றைத் தவிர்த்தமையும், நாடாளுமன்றத்திற்கு மிதிவண்டியில் சென்றமையும் இவரைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட செய்திகள். இவை யாவும் துறவியரைப் பற்றிய வரலாறுகளை நினைவூட்டுவன. ஆயினும் தம் துறவைப் பிறர்க்கு வழியாக அவர் முன்வைக்கவில்லை. நிலக்கிழார் மனம் மாறித் தருவதற்காகக் காத்திருப்பது உழுகுடியின் உரிமையை மறுப்பதாகும் என்பதே அவர் இயக்கத்தின் நிலைப்பாடு. 1972ஆம் ஆண்டு வெளிவந்த தெலங்கானா போராட்டம் பற்றிய அவரது பெருநூல், தனிமனிதர் நற்பண்புகளைவிட நில உச்சவரம்பு, ஊர்க்குழுக்கள், கூலி விகிதம் ஆகியவற்றிற்கே மிகுந்த இடம் தருகிறது. தொடக்கத்தில் 500 ஏக்கராக வகுக்கப்பட்ட உச்சவரம்பு, படிப்படியாகப் புன்செய் 100 ஏக்கர், நன்செய் 10 ஏக்கர் எனக் குறைக்கப்பட்டது. தம் நிலம் முழுவதையும் தந்துவிட்டவர்கள், பிறர்க்கு விதித்த வரம்பில் பொறுமை காட்டியுள்ளனர். தனக்கு விதித்துக்கொள்ளும் அறம் வேறு, அனைவர்க்கும் விதிக்கும் சட்டம் வேறு என்னும் தெளிவு இதனுள் அமைந்துள்ளது.

நடந்த அறம்: வினோபாவும் போச்சம்பள்ளியும்

1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நடைபெற்ற இந்திய இராணுவ நடவடிக்கைக்குப் பின் நிஜாம் ஆட்சி முடிவுற்றது. 1949இல் ஜாகிர்முறை ஒழிக்கப்பட்டது. 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. ஆயினும் மோதல் ஓயவில்லை. இந்நிலையில் 1951 ஏப்ரலில் ஐதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் கூடிய சர்வோதய மாநாட்டிற்கு வினோபா நடந்தே வந்தார். ஐதராபாத் சிறையிலிருந்த பொதுவுடைமையரைச் சந்தித்தார். பின்னர்த் தெலங்கானாவின் உட்பகுதிக்கு நடந்தார்.

ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் ஒடுக்கப்பட்ட குடியினர் தமக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்றனர். ஊரார் முன் வினோபா இதனை வைத்தபோது, வெதிரெ இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் இவ்வாறு பிறந்தது. தெலங்கானா நடைப்பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 ஏக்கர் கொடையாகப் பெறப்பட்டது.

வினோபா இதனை ஈகையாகக் கருதவில்லை என்பது இன்றியமையாத செய்தி. தானம் என்னும் சொல்லுக்குச் சமமாகப் பகிர்தல் என்னும் பொருளையே அவர் வலியுறுத்தினார். காற்றும் நீரும் போல நிலமும் பொதுவானது என்பதும், நிலமற்றவனைக் குடும்பத்தின் மற்றொரு மகனாக எண்ணி அவன் பங்கைத் தருக என்பதும் அவர் வேண்டுகோள். தமிழ் அறநூல் வழக்கில் கூறுவதாயின், இது ஈகையினும் ஒப்புரவிற்கே அணுக்கமானது. ஆயின் அப்பங்கைப் பெறுவதற்கு நிலமற்றவனிடம் வழியேதும் இல்லை. கொடுப்பவனின் மனமே வழி. உரிமையென ஏற்றுக்கொண்டு, கொடையாகவே பெறவேண்டியிருந்தமை இவ்வியக்கத்தின் உள்முரணாகும்.

ஒரே விழுமியம், வேறுபட்ட கொள்கை

மேற்கண்ட மூவரிடமும் உடைமை துறத்தல், சாதி மறுத்தல், எளிய வாழ்வு, ஒடுக்கப்பட்டோர்பால் பரிவு ஆகியன பொதுவாக உள்ளன. இவ்விழுமியங்களை மட்டும் கொண்டு இவர்களுடைய கட்சியை எவரும் ஊகிக்க இயலாது. ஆகவே, விழுமிய வேறுபாடே கொள்கை வேறுபாட்டிற்குக் காரணம் என்னும் முடிபு இங்குப் பொருந்தவில்லை. வேறுபாடு மூன்று வினாக்களில் தோன்றுகிறது.

முதலாவது, தீமை எங்குள்ளது என்பது. வினோபாவிற்கு அது உள்ளத்தின் பற்று. சுந்தரய்யாவிற்கு அது உடைமை உறவு. இரண்டாவது, மாற்றத்தைச் செய்பவர் யார் என்பது. முன்னவர் நிலமுடையாரை நோக்கிப் பேசினார். பின்னவர் நிலமற்றாரை நோக்கிப் பேசினார். மூன்றாவது, வன்முறை பற்றியது. தேஷ்முக்கின் ஆட்களும் ரஜாக்கர்களும் அன்றாடம் நிகழ்த்திய வன்முறையை எதிர்க்காதிருத்தலும் வன்முறைக்குத் துணைபோவதே என்பது போராளிகளின் வாதம். எதிர்த்தடித்தல் புதிய அச்சத்தையே விதைக்கும் என்பது வினோபாவின் வாதம். இரண்டும் அறவாதங்களே.

ஒன்று மற்றொன்றுக்குக் கடன்பட்டிருந்ததும் மறுக்கத்தக்கதன்று. ஐந்தாண்டுக் கால எழுச்சி நிகழ்ந்திராவிடின், நிலக்கிழார்கள் அத்துணை எளிதில் கொடுக்க முன்வந்திருப்பார்களா என்னும் ஐயம் இயல்பானது. அதே வேளையில், ஒடுக்குமுறையால் களைத்திருந்த ஊர்களில் நிலச் சிக்கலை வெளிப்படையாகப் பேசும் வாய்ப்பை நடைப்பயணம் மீட்டுத் தந்தது என்பதும் கருதத்தக்கது.

கொள்கை அறத்தைச் சோதித்த தருணங்கள்

தனிமனித அறம் கொள்கைக்குள் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு மூவர் வாழ்விலும் சான்றுகள் உள்ளன.

நிஜாமுக்கு எதிரான போர் முடிந்தபின் இந்திய இராணுவத்திற்கு எதிராகப் போரைத் தொடர்வது மக்களை அழிவுக்குள்ளாக்கும் என இராவி நாராயண ரெட்டி கருதினார். அறைகூவல் விடுத்தவரே நிறுத்துக என்றமை கட்சிக்குள் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. வேபர் கூறும் விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறம் இங்கு வெளிப்படுகிறது. 1951 அக்டோபர் 21 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1952 தேர்தலில் நல்கொண்டா தொகுதியில் அவர் பெற்ற வாக்குகள் நேரு பெற்ற வாக்குகளினும் மிகுதி. அதே வேளையில், விலக்கிக்கொள்வதற்கு முன் தொடர்ந்த மூன்றாண்டுகள் பெற்ற நிலத்தைக் காக்கவே நிகழ்ந்தன என்னும் சுந்தரய்யாவின் விளக்கத்தையும் புறந்தள்ள இயலாது.

1975ஆம் ஆண்டு நெருக்கடிநிலையின்போது மற்ற இருவரும் சோதனைக்குள்ளாயினர். வினோபா அக்காலத்தை ‘அனுசாசன பர்வம்’ எனக் குறித்தார். அச்சொல் அரசுக்கு ஆதரவாகப் பரப்பப்பட்டது. அவருடைய மாணாக்கரைப் போன்றிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் சிறையிலிருந்தார். அதிகாரத்தை உள்ளத்தால் வெல்லலாம் என்னும் கொள்கை, அதிகாரம் உள்ளத்தையே பூட்டும்போது என்ன செய்யும் என்னும் வினாவிற்கு அவரிடம் விடையில்லை. சுந்தரய்யாவோ நெருக்கடிநிலையை எதிர்த்தவர். எனினும் அதற்காக ஜனசங்கத்தோடு கைகோப்பதைத் தம் கட்சி ஏற்றபோது, அதனை ஒப்பாது பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதினார். விளைவைக் கருதி இணைதல், மனச்சான்றைக் கருதி விலகுதல் ஆகிய இரண்டனுள் அவர் பின்னதைத் தேர்ந்தார். விளைவை முதன்மையாகக் கொண்ட கொள்கையினர் மனச்சான்றையும், மனச்சான்றைப் பேசியவர் அதிகாரத்தோடு இணக்கத்தையும் நாடியமை வரலாற்றின் முரணாகும்.

இவர்களினும் கடுமையான சோதனை பெண்களுக்கு நேர்ந்தது. ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்னும் பெண்கள் குழு 1986ஆம் ஆண்டு தெலுங்கில் வெளியிட்ட வாய்மொழி வரலாற்று நூல், போராட்டத்தில் பங்கேற்ற பெண்களின் நினைவுகளைத் தொகுத்துள்ளது. காட்டில் தலைமறைவாக இருந்த ஒரு தாய் தன் குழந்தையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட நேர்ந்ததை அந்நூல் பதிவு செய்கிறது. போராட்டம் முடிந்ததும் வீட்டிற்குத் திரும்புக என்று கூறப்பட்டபோது தமக்கு நேர்ந்த வெறுமையைப் பலர் பகிர்ந்துள்ளனர். நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து சிறுமியாயிருந்தபோதே அடிமை உழைப்பாளர்க்கு அரிசி வழங்கிய மல்லு சுவராஜ்யம் (மறைவு 2022) போன்றோர் பின்னர்ச் சட்டமன்றம் வரை சென்றனர். பெரும்பாலோர்க்கு அவ்வழி திறக்கவில்லை. சுந்தரய்யா பிள்ளைப்பேற்றைத் தவிர்த்தமை தியாகமாகப் போற்றப்பட்டது. பிள்ளையைப் பிரிந்த தாயின் இழப்பு நெடுங்காலம் பெயரின்றி இருந்தது. எந்த அறம் அறமாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கொள்கையே தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

தமிழகத்துத் தொடர்ச்சி

தெலங்கானாவில் கண்ட இவ்விருவழிகளும் கீழத்தஞ்சையிலும் சந்தித்தன. கன்னட அந்தணர் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் (மறைவு 1961), 1940களில் தஞ்சைக்கு வந்து, சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வழங்கிய பண்ணையடிமை முறைக்கெதிராக உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். 1956–57ஆம் ஆண்டுகளில் வினோபா தமிழகத்தில் நடந்தபோது, சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டனர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சங்கத்தைச் சார்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், இவ்விணையர் அப்பகுதிக்குச் சென்று தங்கினர். 1981ஆம் ஆண்டு ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, கொடைக்காகக் காத்திராது, கடன் ஏற்பாட்டின் வழி நிலத்தை விலைக்கு வாங்கி உழுகுடிப் பெண்களின் பெயரில் பதிவு செய்தனர். ஈகையின் எல்லையைக் காந்தியரே உணர்ந்து, உரிமைப் பத்திரத்தை நாடியமை இதனால் அறியலாகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. தனிமனித அறவிழுமியம் ஒருவரை அரசியலுக்குள் இட்டுச் செல்கிறது. எந்த அரசியலுக்குள் என்பதை அது தனித்துத் தீர்மானிப்பதில்லை. தீமையின் இருப்பிடம் பற்றிய புரிதலே அதனைத் தீர்மானிக்கிறது.

2. கொள்கை, விழுமியத்திற்கு வடிவம் தருகிறது. அதே வேளையில் சில இழப்புகளைக் காணாதவாறு மறைத்தும் விடுகிறது. பெண்களின் வாய்மொழி வரலாறு இதனை உணர்த்துகிறது.

3. கொள்கையோடு முரண்படும் தருணத்திலேயே தனிமனித அறம் தெளிவாகப் புலப்படுகிறது. 1948க்குப் பின் இராவி நாராயண ரெட்டியும் 1975இல் சுந்தரய்யாவும் இதற்குச் சான்றாவர்.

4. ஈகை, ஒப்புரவு, செங்கோன்மை ஆகிய மூன்றனுள் ஒன்று மட்டும் நிலச் சிக்கலுக்குத் தீர்வாகவில்லை. நாடு முழுவதும் 5 கோடி ஏக்கர் இலக்காகக் கொண்ட பூதானம் ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கரையே பெற்றது. அதிலும் பயிரிடத் தகாத நிலமும் பகிரப்படாத நிலமும் மிகுதி. போராட்டத்தால் பெற்ற நிலமும் சட்டக் காப்பின்றிப் பல இடங்களில் மீண்டும் பறிபோயிற்று.

கொண்டாப்பூரை ஒட்டிய கச்சிபௌலியில், ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் அருகே 400 ஏக்கர் நிலத்தை ஏலம் விடும் அரசின் முயற்சியை மாணவர்கள் எதிர்த்தனர். அங்கு மரங்கள் வெட்டப்படுவதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தடுத்து நிறுத்தியது. அந்நிலம் ‘கஞ்சா’ எனப்படும் மேய்ச்சல் வெளி. நிலம் யாருக்குரியது என்னும் வினாவோடு, நிலம் மனிதர்க்கு மட்டுமே உரியதா என்னும் வினாவும் இன்று சேர்ந்துள்ளது. போச்சம்பள்ளியில் 80 ஏக்கர் கேட்ட குடியினர் தொடங்கிவைத்த விவாதம், வேறு சொற்களில் அதே மண்ணில் தொடர்கிறது.